அம்பத்தூர் சிண்டரெல்லா: செய்முறை விளக்கம்

தேவையான பொருட்கள்: அம்மா இல்லாத பெண் ஒருத்தி, கொடுமைக்காரச் சித்தி ஒருத்தி, ராஜகுமாரன் ஒருவன், சாபம் தேவையான அளவு. பதினைந்து முதல் இருபது வயதுக்காரர்களுக்கு எழுதுவதென்றால் கூடவே ஒரு கத்தியும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கதாநாயகி கையில் கத்தி இல்லாமல் இப்போது யாரும் அட்டைப்படம் போடுவதில்லை. கதைக்குள்ளே அவள் அதை வைத்து ஒரு வெங்காயம்கூட நறுக்காமல் போகலாம். அது வேறு விஷயம்.

இந்தக் குறிப்பு யாருக்காக? ஆவடி லோக்கலில் ஒரு கல்லூரிப் பெண் ஃபோனில் மூழ்கிக் கிடப்பதைப் பார்த்து, ‘அப்படி என்னத்தைத்தான் படிக்கிறாள்?’ என்று எட்டிப் பார்த்து, ‘அட, இதை நானே எழுதுவேனே’ என்று நினைத்துக்கொண்டவர்களுக்காக. எட்டிப் பார்த்தது தப்புதான். பார்த்தாயிற்று, விடுங்கள். அவள் பையை முன்பக்கமாக மாட்டிக்கொண்டு, கைப்பிடி வளையத்துக்குள் முழங்கையை நுழைத்து நின்றபடி படிக்கிறாள். கொரட்டூரில் கூட்டம் ஏறுகிறது, பட்டரவாக்கத்தில் கொஞ்சம் இறங்குகிறது. கட்டை விரல் மட்டும் திரையைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. கீறல் விழுந்த இடத்தில் எழுத்து சிக்கினால் ஃபோனைச் சாய்த்துப் படிக்கிறாள். சாரா ஜே. மாஸ் 2015-இல் எழுதிய கனத்த ஆங்கில நாவல் அது. கதை என்ன? ஒரு பெண்ணை ஒரு மிருகம் தன் மாளிகைக்குக் கூட்டிப்போகிறது. எங்கே போய் முடியும் என்பது அவளுக்கு டி.வி.யில் கார்ட்டூன் பார்த்த வயதிலேயே தெரியும். தெரிந்த முடிவுக்காக ஒருத்தி ஏன் இறங்கவேண்டிய ஸ்டேஷனைக் கோட்டை விடுகிறாள் என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். அது புரியாமலே எழுதி முடிப்பது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லித்தரப் போகிறோம்.

ராஜகுமாரனிலிருந்து தொடங்குவோம். மேற்குப் புறநகரில் ராஜகுமாரர்களுக்குத் தட்டுப்பாடு. ஆவடியில் டாங்க் செய்கிற கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது; அங்கே குதிரையில் வருகிறவனை கேட்டிலேயே நிறுத்தி பாஸ் கேட்பார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் தேடினால் சின்னக் கம்பெனி முதலாளியின் மகன் ஒருவன் கிடைப்பான். எம்.பி.ஏ. முடித்துவிட்டு, அப்பாவின் லேத் பட்டறைக்கு ‘விஷன் ஸ்டேட்மென்ட்’ எழுதிக்கொண்டிருப்பான். அவனையே எடுத்துக்கொள்ளுங்கள். சிண்டரெல்லாவை அதே பட்டறையில் சி.என்.சி. ஆப்பரேட்டராகப் போடுங்கள். காப்பி என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். மரிஸ்ஸா மேயர் 2012-இல் ‘சிண்டர்’ நாவலில் அவளை மெக்கானிக்காகவே ஆக்கிவிட்டார். பாதி மனுஷி, பாதி இயந்திரம். நியூ பெய்ஜிங் சந்தையில் கடை. விருந்திலிருந்து ஓடும்போது படிக்கட்டில் அவள் தவறவிடுவது இரும்புப் பாதத்தையே.

நமக்கு அவ்வளவு செலவு வேண்டாம். சேஃப்டி ஷூ போதும். ஒரே சிக்கல், ஷூவுக்குள்ளே சைஸ் அச்சடித்திருக்கும். அந்த சைஸ்காரிகள் எஸ்டேட்டில் பாதிப் பேர். கம்பெனி கொடுத்தது ஆண்கள் ஷூ, அது தொளதொளவென்று இருந்ததால் முனையில் அவள் பழைய துப்பட்டாத் துணியைத் திணித்திருந்தாள், அந்தத் துணியை வைத்துத்தான் அவளைக் கண்டுபிடித்தார்கள் என்று எழுதலாம். ஆனால் வேண்டாம், அடித்துவிடுங்கள். நிஜம்போல ஆகிவிடும். அப்புறம் அந்தப் பெண்ணுக்கு ராஜகுமாரனைவிட அளவான ஷூதான் அவசரத் தேவை என்று வாசகிக்குத் தோன்ற ஆரம்பித்துவிடும்.

பன்னிரண்டு மணி விஷயத்தில் மட்டும் உங்களுக்கு வேலையே இல்லை. இரவு விருந்தை விட்டு ஒருத்தி அலறியடித்துக்கொண்டு ஓடுவதற்கு மற்ற ஊர்க்காரர்கள் மாயமந்திரம் தேடவேண்டியிருக்கிறது. கடைசி லோக்கலைப் பிடிக்க மூர்மார்க்கெட் பிளாட்பாரத்தில் ஓடிப் பழகியவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

அடுத்தது, ‘அசல் கதையைக் கெடுத்துவிட்டீர்கள்’ என்று சொல்ல ஒரு பெரியவர் வருவார். கிளை நூலகத்தில் மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவர். அவரிடம் பணிவாக, “எந்த அசலைச் சொல்றீங்க ஐயா?” என்று கேளுங்கள். சீனாவில் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே துவான் செங்ஷி எழுதிவைத்த யே ஷியான் கதையில் தேவதை கிடையாது. செத்த மீனின் எலும்புதான் வரம் கொடுக்கிறது, செருப்பு தங்கத்தால் ஆனது. இத்தாலிக்காரர் பசீலேயின் தொகுப்பு 1634-இல் வெளிவரத் தொடங்கியது. அதில் வரும் சாதுப் பெண் பெட்டி மூடியைச் சித்தியின் கழுத்தில் தள்ளிக் கொன்றே விடுகிறாள். கண்ணாடிச் செருப்பும் பூசணிக்காய் வண்டியும் 1697-இல் பிரான்சின் பெரோ கொண்டுவந்தவை. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812-இல் எழுதியபோது, செருப்பு காலில் ஏறவேண்டுமென்று ஒரு அக்கா கட்டை விரலையும் இன்னொருத்தி குதிகாலையும் நறுக்கிக்கொள்கிறார்கள். 1893-இல் மரியன் ரோல்ஃப் காக்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி உட்கார்ந்து திரட்டியதில் இந்த ஒரே கதைக்கு 345 வடிவங்கள் சேர்ந்தன. நீங்கள் இத்தனையும் சொல்லி முடிப்பதற்குள் பெரியவர் பேப்பரை மடித்துவிட்டு டீ குடிக்கக் கிளம்பியிருப்பார். உங்களுடையதை 346 என்று வைத்துக்கொண்டு மேலே போங்கள்.

சித்தி விஷயத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். கிரிம் சகோதரர்களின் 1812 பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்லி ஆள் அனுப்புகிறவள் பெற்ற தாய். 1819-இல் வந்த இரண்டாம் பதிப்பில் தாயை ஆரம்பத்திலேயே சாகடித்துவிட்டு, பழியை மாற்றாந்தாய் தலையில் போட்டுவிட்டார்கள். பெற்றவள் இப்படிச் செய்வாளா என்று அவர்களுக்கே சங்கடம். பதினாறு வயதுப் பெண்ணிடம் இதைச் சொன்னால் பெரிதாக ஆச்சரியப்பட மாட்டாள். குடும்பத்தில் எது நடந்தாலும் அதற்குக் காரணம் வெளியிலிருந்து வந்தவள்தான் என்பதை ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் கேட்டு வளர்ந்தவள் அவள். நம் பக்கத்தில் அந்தப் பழி பெரும்பாலும் அண்ணிக்குப் போகும். நல்லதங்காள் கதையின் மூளி அலங்காரியைத் தெரியாதவர் உண்டா? கரண்ட் போன ராத்திரியில் கொரட்டூர் பக்கம் ஏதோ ஒரு மொட்டைமாடியில் பாய் விரித்து அந்தக் கதை நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“ஏன் ஆயா, அண்ணன் வேட்டைக்குத்தானே போயிருக்கான்? ரெண்டு நாள் பொறுத்திருந்தா வந்திருப்பான் இல்ல? எதுக்கு ஏழு புள்ளைங்களயும் கிணத்துல போட்டா?”

“பொறுத்திருந்தா கதை எங்கடி இருக்கு? படு.”

“சரி, அந்த அண்ணிக்கு இவ மேல என்னதான் கோவம்?”

“அத யாரு கேட்டாங்க?” ஆயா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, இருட்டைப் பார்த்து, “பஞ்ச காலம். ஒருத்தி ஏழு புள்ளைங்களோட வந்து நின்னா, வீட்டுல அடுப்பு பத்த வைக்கிறவளுக்குத்தான் தெரியும்” என்றாள்.

எச்சரிக்கை: உங்கள் பிழைப்புக்கு இது ஆபத்தான கட்டம். எழுத்தாளர் யாரும் இல்லாமலே பாயில் படுத்திருந்த இரண்டு பேர் ஒரு மறுகதையை எழுதிவிட்டார்கள். எட்டு வயதில் ‘அப்புறம்?’ என்று கேட்டவள் பதினாறு வயதில் ‘அது எப்படி?’ என்று கேட்கிறாள். இளையோர் அலமாரியில் இருக்கும் தேவதைக் கதைகள் முழுவதும் இந்தக் கேள்வியை நம்பித்தான் பிழைக்கின்றன. தன்னிடம் சொல்லப்பட்டதில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று சந்தேகம் வருகிற வயது. புதுக்கதையில் அந்த ஓட்டையைத் தேட முடியாது. ஏற்கெனவே மனப்பாடமான கதையில்தான் முடியும். எனவே, மாய மாளிகையின் வர்ணனையை நாற்பது பக்கத்துக்கு நீட்டி வாசகியின் கவனத்தை வேறு பக்கம் திருப்புங்கள்.

இப்போது மிருகம். சந்தையில் மிக அதிகமாக விலைபோகிற சரக்கு. அழகியும் மிருகமும் கதையை 1740-இல் வில்னெவ் சீமாட்டி பெரியவர்களுக்காக நீட்டி முழக்கி எழுதினார். லண்டனில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த பொமோன் அம்மையார் 1756-இல் அதைச் சுருக்கி, இளம்பெண்கள் படிப்பதற்கென்று வெளியிட்டார். முகம் தெரியாதவனுக்குக் கட்டிக்கொடுக்கப்படப்போகிற பெண்கள் அவர்கள். ‘முதலில் பயமாகத்தான் இருக்கும், போகப்போகப் பழகிவிடும்’ என்று சொல்ல ஒரு கதை தேவைப்பட்டது. ஆகவே ‘யங் அடல்ட்’ என்று தனிப் பெயர்ப்பலகை மாட்டி இன்றைக்கு விற்பது இருநூற்று அறுபது வருஷத்துக்கும் மேற்பட்ட பழைய வியாபாரம். தமிழில் அதற்குக் கிளை திறந்தவர் ரமணிசந்திரன் என்பது என் கட்சி. பணமும் சிடுசிடுப்பும் சம அளவில் உள்ள நாயகன், அவனுக்குள் இருக்கும் மனிதனைக் கண்டுபிடிக்கும் பெண். லெண்டிங் லைப்ரரியிலிருந்து அம்மா எடுத்து வந்து காய்கறிப் பைக்குள் வைத்திருந்த அதே மிருகத்தைத்தான் மகள் ஃபோனுக்குள் பாஸ்வேர்டு போட்டு வைத்திருக்கிறாள். இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் படிப்பதால் இரண்டு பிரதி விற்கும்.

மிருகத்துக்குச் சாபம் எப்படி வந்தது என்று விளக்க வேண்டும். 1991-இல் வந்த டிஸ்னி படத்தில், குளிரில் வந்து கதவைத் தட்டிய பிச்சைக்காரக் கிழவியை இளவரசன் விரட்டிவிடுகிறான். அவள் உண்மையில் சூனியக்காரி. அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து திருவேற்காடு பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். அங்கே தலபுராணத்தில் கருமாரி குறிசொல்லும் கிழவியாகச் சூரியனிடம் போகிறாள். அவன் அவளை மதிக்கவில்லை. ஒளி போய்விடுகிறது. வந்தது யாரென்று புரிந்ததும் அவனே தேடி வந்து மன்னிப்புக் கேட்கிறான். ஞாயிற்றுக்கிழமையை அவளுக்குக் கொடுத்துவிடுகிறான். இதில் கவனியுங்கள்: சூரியனைத் திருத்த யாரும் அவனைக் காதலிக்கவில்லை. எந்த அப்பாவும் மகளை அவன் மாளிகைக்கு அனுப்பவில்லை. தப்பு செய்தவனே வந்து காலில் விழுந்தான், கணக்கு தீர்ந்தது. இந்த வசதி வெளியே தெரிந்தால் மிருக நாவல்கள் எல்லாம் இருபது பக்கத்தில் முடிந்துவிடும்.

பொதுவாகவே உள்ளூர்க் கதைகளைத் தொடாமல் இருப்பது நல்லது. கமிட்டி வரும், கறுப்புக் கொடி வரும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அவை ஏற்கெனவே கொஞ்சம் அதிகமாகவே நன்றாக இருக்கின்றன. திருமுல்லைவாயிலையே எடுத்துக்கொள்வோம். ஓணன், வாணன் என்ற குறும்பர்களோடு சண்டைக்கு வந்த தொண்டைமானின் யானை முல்லைக்கொடியில் கால் சிக்கி நின்றது. அவன் வாளால் கொடியை வெட்டினான், அடியிலிருந்த லிங்கத்தில் வெட்டு விழுந்து ரத்தம் வந்தது. பதறிப்போய்த் தன் தலையையே வெட்டிக்கொள்ளப் போனவனைச் சிவன் தடுத்து, படைக்குத் துணையாக நந்தியை அனுப்பினார். அதனால்தான் மாசிலாமணீஸ்வரர் கோயிலில் நந்தி சுவாமிக்கு முதுகைக் காட்டி வெளியே பார்த்து உட்கார்ந்திருக்கிறது. கருவறைக்கு முன்னால் நிற்கும் இரண்டு எருக்கந்தூண்கள் குறும்பர் கோட்டையிலிருந்து எடுத்து வந்தவை என்பார்கள்.

இங்கேதான் ஒரு விஷமக்காரப் பெண் கேட்பாள்: அந்தத் தூண்களைப் பிடித்துக்கொண்டு நடை பழகிய குழந்தை ஒன்று கோட்டைக்குள் இருந்திருக்காதா? வாணனுக்கு ஒரு மகள் இருந்து, எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் கூட்டத்தோடு கூட்டமாகக் கோயிலுக்கு வந்து தன் வீட்டுத் தூணை அடையாளம் கண்டிருந்தால்? க்ரெகரி மக்வயர் 1995-இல் ‘விக்கெட்’ எழுதி, ஓஸ் நாட்டுச் சூனியக்காரியின் பக்கத்தை உலகத்துக்கே சொன்னார். அதற்குக் குறையாத சரக்கு அண்ணனூருக்கு முந்தைய ஸ்டேஷனில் கிடக்கிறது. எடுத்தால் நாவல் வந்துவிடும், ஜாக்கிரதை.

மாங்காடும் அப்படித்தான். விளையாட்டாகச் சிவனின் கண்ணைப் பொத்தியதற்குக் கிடைத்த சாபத்தால் காமாட்சி நெருப்பின் நடுவே ஒற்றைக் கால் கட்டை விரலில் நின்று தவம் செய்கிறாள். மாப்பிள்ளை வருகிறார். வந்தவர் பார்வை இழந்த சுக்ராச்சாரியாரைப் பார்க்கப் போய்விட்டு, ‘நீ காஞ்சிபுரத்துக்குப் போ, அங்கே வந்து கட்டிக்கொள்கிறேன்’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். நூறு வருஷம் தூங்கிய அழகிக்காவது தூக்கம் இருந்தது.

திருநின்றவூரைப் பற்றிப் பேசவே வேண்டாம். கோபித்துக்கொண்டு வைகுண்டத்தை விட்டு வந்த மகாலட்சுமி அங்கே வந்து நின்றுவிட்டாள். சமுத்திரராஜன் வந்து கெஞ்சிப் பார்க்கிறான், அசையவில்லை. பெருமாளைக் கூப்பிடப் போகிறான்; அவரோ ‘நீ முன்னால் போ, நான் பின்னால் வருகிறேன்’ என்கிறார். கடைசியில் ‘என்னைப் பெற்ற தாயே’ என்று அழைத்த பிறகுதான் மனம் இறங்கினாளாம். கதவைச் சாத்திக்கொண்ட மகளின் அறைக்கு வெளியே தட்டோடு நின்று ஒரு அப்பா இதே வசனத்தைப் பேசிக்கொண்டிருப்பது இன்றைக்கும் பட்டாபிராம் தாண்டினால் கேட்கும். வீட்டை விட்டு வந்தவள் திரும்பிப் போனாளா, நின்றாளா? அந்த ஊரில் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறாள். பதினேழு வயதுக்காரிக்கு வேறென்ன வேண்டும்? அதே ஊரில் பூசலார் மனதிலேயே கோயில் கட்டி முடித்தார், பல்லவ ராஜா கல்லில் கட்டிய கோயிலைத் தள்ளிவைத்துவிட்டுச் சிவனும் அங்கேதான் வந்தார். உங்கள் நாவல் இன்னும் மனதிலேயே இருக்கிறது என்றால் யாரும் வர மாட்டார்கள். எழுதித்தான் ஆக வேண்டும்.

பழைய கதையில் எத்தனை மாற்றம் செய்யலாம்? சந்தை நிலவரப்படி குறைந்தது பத்து. இளவரசி வாள் சுழற்ற வேண்டும், சூனியக்காரி நல்லவளாக வேண்டும், அரக்கன் மனநல ஆலோசகரைப் பார்க்க வேண்டும், தோழி ஒருத்தி அவ்வப்போது ஆங்கிலத்தில் கிண்டல் செய்ய வேண்டும். இந்த விதியைக் காலில் போட்டு மிதித்தவர் புதுமைப்பித்தன். 1943-இல் ‘கலைமகள்’ இதழில் அவர் எழுதிய ‘சாப விமோசனம்’ கதையில் அகலிகைக்கு வாளும் இல்லை, கிண்டலும் இல்லை. ராமன் பாதத் தூசியால் கல்லிலிருந்து மீண்டவள், அவன்மேல் உயிரையே வைத்திருக்கிறாள். வனவாசம் முடிந்து சீதை பார்க்க வருகிறாள். பேச்சுவாக்கில் தான் தீக்குளித்த கதையைச் சொல்கிறாள். அவனா கேட்டான், நீ ஏன் செய்தாய் என்று அகலிகை பதறுகிறாள். அவளுக்கு ஒரு நியாயம், இவளுக்கு ஒரு நியாயமா? அகலிகை மறுபடி கல்லாகிறாள். வால்மீகியும் கம்பரும் தனித்தனியாக வைத்திருந்த இரண்டு பெண்களை ஒரே இடத்தில் உட்காரவைத்துப் பேசவிட்டார், அவ்வளவுதான் மாற்றம். ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம், அதைப் பற்றித் தனக்குக் கவலையில்லை என்று முன்குறிப்பு வேறு.

தமிழ் வகுப்பில் இதைப் படித்துவிட்டு பெல் அடித்த பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் உண்டு. உயிராக நம்பின ஒருவர், நம்பிக்கைக்குக் காரணமான அதே விஷயத்தில் வேறொருவருக்கு வேறு மாதிரி நடந்துகொண்டார் என்று தெரியவருகிற வயது அதுதான். அப்பாவிடம், ஆசிரியரிடம், தலைவரிடம். அதற்கு டிராகன் தேவைப்படவில்லை என்பது உங்களுக்கு வருத்தமான செய்திதான். அம்பையின் ‘அடவி’ கதையில் ராவணன் சீதைக்கு ருத்ர வீணை சொல்லிக்கொடுக்க வருகிறான். சென்னையின் தாரா புக்ஸ் 2011-இல் வெளியிட்ட ‘சீதாஸ் ராமாயணா’, வங்காளத்து மொய்னா சித்ரகாரின் படங்களோடும் சம்ஹிதா ஆர்ணியின் எழுத்தோடும் போர்க்களத்தைத் தோற்றவர் பக்கத்திலிருந்து பார்க்கிறது. இவர்கள் எல்லாம் சந்தை விதியைப் படிக்காதவர்கள். நீங்கள் பத்தையே வைத்துக்கொள்ளுங்கள்.

நீதியை மறக்க வேண்டாம். புத்தகத்துக்குக் காசு கொடுக்கிறவர் அப்பா. அவர் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார். பெரோவே ஒவ்வொரு கதையின் கடைசியிலும் செய்யுளில் நீதி எழுதி ஒட்டியவர். விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிய வேதாளத்துக்கு மட்டும் இந்த நல்ல பழக்கம் கிடையாது. கதையைச் சொல்லிவிட்டு, ‘இதில் தப்பு யாருடையது?’ என்று கேட்கும். தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும். சொன்னால் மறுபடி முருங்கைமரம் ஏறிவிடும். பூந்தமல்லியிலிருந்து போரூர் வழியாக ஆற்காடு சாலையைப் பிடித்து வந்தால் வரும் வடபழனியில் இருந்துதான், 1947 ஜூலையில் தொடங்கிய ‘அம்புலிமாமா’ அந்த ராஜாவையும் பிணத்தையும் ஓவியர் சங்கரின் கோட்டில் வீடுவீடாக அனுப்பிக்கொண்டிருந்தது. அதைப் படித்து வளர்ந்தவர்கள்தான் இப்போது பிள்ளைகளின் புத்தகத்தில் நீதி எங்கே என்று தேடுகிறார்கள்.

கடைசியாகப் பிழைதிருத்தம். இலக்கணப் பிழையை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். உங்கள் கதையில் காக்கா பேசலாம், எலும்பு வரம் கொடுக்கலாம், அம்பத்தூர் ஏரியில் நாககன்னி நீந்தலாம். வாசகி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். ஆனால் சிண்டரெல்லா பன்னிரண்டே காலுக்குக் கொரட்டூரில் ஏறி நேராகத் திருநின்றவூரில் இறங்கினாள் என்று எழுதினீர்களோ, புத்தகக் கண்காட்சியில் வரிசையில் நின்று வந்து கேட்பாள்: “அங்கிள், அந்த நேரத்துல அந்தப் பக்கம் ஏது ட்ரெயின்?” கையெழுத்துப் போட எடுத்த பேனாவை மூடிவிட்டு, அவளிடமே டைம்டேபிளைக் கேட்டு வாங்குங்கள். இரண்டாம் பதிப்பில் திருத்திக்கொள்ளலாம். கிரிம் சகோதரர்கள் பெற்ற தாயையே திருத்தியிருக்கிறார்கள்.